முனி ஏறி வந்த மேடு

பதுளை பஜாரில் சீனா வேனா பாத்திரக் கடை எங்கே என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். அந்தக் கடைக்காரருக்கு ஒரு காலத்தில் ஒரு மலையே சொந்தமாக இருந்தது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் அந்தக் கதையைக் கடைக்காரர் வைரவநாதன் வாயாலேயே பலமுறை கேட்டவர்கள். அவர்கள் சிரிக்கமாட்டார்கள், குடையை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிடுவார்கள்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அறுபது தாண்டிய மனிதர். எவர்சில்வர் குடத்தையும் இட்டலிச் சட்டியையும் விட்டால் பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? மகன் சுரேன் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. பேச்சுத் துணைக்கு மனைவி ராமலட்சுமிதான். அவளும் பண்டாரவளைக் கடைக்காரர் வீட்டுப் பெண். கதைக்கு மயங்குகிற ரகம் இல்லை.

அந்தக் கதை இதுதான். அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவே, தெற்குப் பார்த்த சரிவில், ஏழுபீலித் தோட்டம் என்று ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது அதை வாங்கியவர் வைரவநாதனின் தாத்தா சி. வேலாயுதம். தோட்டத்தின் நடுவில் ஒரு பாறை, பாறைக்கு அடியில் ஊற்று. எந்தக் கோடையிலும் வற்றாது. துரை காலத்திலேயே அந்தத் தண்ணீரை ஏழு கல் பீலிகளில் கொட்டும்படி கட்டியிருந்தார்கள். தாத்தா அதைச் சுற்றி ரோசாச் செடி வைத்தார், கல் இருக்கை போட்டார், குளிப்புத் தோட்டம் என்று பெயரும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பதுளையிலிருந்து கடைக்காரக் குடும்பங்கள் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடும்.

குளிப்புத் தோட்டத்தின் நாலு மூலையிலும் தாத்தா நாலு கருங்கல் நட்டார். ஒவ்வொன்றிலும் 'சி.வே.' என்று வெட்டுவித்தார். லயத்துச் சனம், அதாவது வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள், அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. மேல் பீலிகளில் முதலாளி வீட்டார் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடிக்கும்வரை, கடைசிப் பீலிக்குப் பக்கத்துக் கல்லருகே பெண்கள் தகரத்தையும் குடத்தையும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கதையின் இந்தப் பகுதியை வைரவநாதன் கடையில் யாருக்கும் சொன்னதில்லை. சின்னப் பையனாக பீலிக்குக் கீழே உட்கார்ந்து, சோப்பு நுரைக்கு நடுவே அந்த வரிசையைப் பார்த்தது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. பழைய லயத்துச் சனத்திலும் பாதிக்கு மேல் அந்த வருடங்களில்தான் ரயிலேறித் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போனார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வேறு தோட்டங்களிலிருந்து வேறு குடும்பங்கள் வந்து குடியேறின. குளிப்புத் தோட்டம் காடாகக் கிடந்தது. வைரவநாதனின் அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே, "அந்த மலையில நம்ம பேருகூட மிச்சமில்லாமப் போச்சேடா" என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார்.

இப்போது அந்த இடம் ஏழுபீலி இயற்கை ஊற்றுப் பூங்கா. உள்ளூர்ச் சபை எடுத்துப் படிக்கட்டு கட்டி, கம்பி போட்டு, சிமெந்தில் ஒரு மான் செய்து வைத்து, டிக்கெட் ஜன்னலும் திறந்துவிட்டது. வாசலில் வளைவு கட்டுவதுதான் பாக்கி.

கார்த்திகை மழை பிடித்திருந்த ஒரு நாளில் சபையின் தலைவரான தவிசாளர் கடைக்கே வந்தார். சிங்களத்தில் மரியாதையாகப் பேசினார். பூங்காவைப் பழைய குளிப்புத் தோட்டத்தின் அளவுக்கே விரித்து வேலி போடப் போகிறார்களாம். எல்லைக் கற்களில் மூன்று மண்சரிவில் போய்விட்டதாம், ஒன்றுதான் மிச்சமாம். அது தாத்தா நட்ட கல்தான் என்று பழைய சொந்தக்காரர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். வளைவில் தாத்தாவின் பெயரைப் போட்டுவிடலாம் என்றார்.

அவர் போனதும் வைரவநாதன் உள்வீட்டுக்கு நடந்த நடையே வேறாக இருந்தது.

"மூணு பாஷையிலயும் போடுவாங்களாம்," என்றார். "மேல பெருசா தாத்தா பேரு."

ராமலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. ஒரு கல்லக் காட்டணும், அவ்வளவுதான்."

"ஒண்ணும் கேக்காம இந்தக் காலத்துல எவன் வந்து பேரு போடுறான்?"

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான். அப்பா இதுக்காக எப்பிடித் தவிச்சாருன்னு நீ பாத்தியே."

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன். பேருன்னா நீங்களும் மாமா மாதிரியே கண்ண மூடிட்டு ஓடுவீங்க." வெங்காயத்தை வைத்துவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்தாள். "போயிட்டு வாங்க. அந்த வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் போனார். அப்புத்தளை ஸ்டேசனில் இறங்கியபோது மூடுபனியில் எதிர்ப் பிளாட்பாரம்கூடத் தெரியவில்லை. நில அளவையாளர் றினாஸ் சபையின் வேனோடு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், பதுளைக்காரர்தான், சீனா வேனா கடையில் கல்யாணத்துக்கு அண்டா வாங்கியவர்.

வேன் வளைவு வளைவாக இறங்கியது. ரோட்டோரம் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு, மழையிலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, ஒண்டு சொல்லணும்," என்றார் றினாஸ். "மிச்சமிருக்கிற கல்லு ஊத்துக்குப் பக்கத்துல இல்ல. மேல, லயத்து மேட்டுல இருக்கு."

"மேலயா?"

"ஓம். பழைய படத்த அந்தக் கல்லுல வச்சு அளந்தா, பூங்கா ஊத்த விட்டுட்டு மேல ஏறிப் போகுது. அங்க இருக்கிற வீடெல்லாம் பூங்காவுக்குள்ள வந்திரும். சபைக்கு அது சந்தோசம். மேட்டுல இருந்து பாத்தா வெல்லவாயப் பக்கமெல்லாம் தெரியும், மரக் குடில் கட்டி வாடகைக்கு விடலாம். எனக்குத்தான் மனசு ஒட்டல."

"வீட்டுல இருக்கிற சனம்?"

"வேற எடம் குடுப்பாங்களாம்." றினாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கே என்று வைரவநாதன் கேட்கவில்லை. ராமலட்சுமி சொன்னது காதில் ஒலித்தது. அவள் சொன்னது பலிப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

பூங்காவில் கூட்டம் இல்லை. சிமெந்து மான் நனைந்துகொண்டு நின்றது. ஆனால் பீலிகள் அப்படியே இருந்தன. அதே சத்தத்தில், அதே பருமனில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடத்தில் பாறைக்கு வயதாகவில்லை, தனக்கு மட்டும் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கடைசிப் பீலிக்குப் பக்கத்தில் கல் நின்ற மூலையைப் பார்த்தார். புல்லும் பன்னைச் செடியும் மண்டிக் கிடந்தது. கல் அங்கேதான் நின்றது, சந்தேகமே இல்லை. பெண்கள் குடத்தோடு நின்ற வரிசை தொடங்கிய இடம் அது.

கல்லுக்குக் கால் முளைத்ததா என்ன என்று யோசித்துக்கொண்டே றினாஸுக்குப் பின்னால் படி ஏறினார்.

மேட்டில் தகரக் கூரை வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தன. வாசலில் மரவள்ளியும் பீன்ஸும். அரை நாள் வேலை முடித்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். அளக்க ஆள் வருகிறது என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டிலேயே பேச்சு ஆகிவிட்டதால் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பலா மரத்தடியில் ஒரு சின்னக் கொட்டகை. அதற்குள் சிவப்புத் துணி கட்டி, சந்தனத்தை அப்பி, வெள்ளிக் கண் பதித்து, எலுமிச்சை மாலை போட்டு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுருட்டும் செருகி, ஓர் ஆள் முழங்கால் உயரத்துக்கு முனி நின்றார்.

"இதான் ஐயா கல்லு," என்றார் றினாஸ் மெல்ல.

"கல்லுன்னு சொல்லாதீங்க தம்பி," என்றார் ஒரு பழைய கங்காணி, கையில் குடைக்கம்போடு. "முனியாண்டி."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதைத் தொட்டிருப்பாள். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுத்துப் போயிருந்தது. ஜெயலெட்சுமி என்று கங்காணி சொன்னார். முனிக்குப் பூசை செய்துவந்த இராசையாவின் மனைவி. இராசையா இறந்த பிறகு பூசையை எடுத்துச் செய்ய ஆளில்லாமல் இவளே செய்கிறாள். பொம்பளை எப்படிச் செய்வது என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்களாம். முனி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் இவர்களும் விட்டுவிட்டார்களாம்.

"மொதல்ல தேத்தண்ணி குடிங்க மொதலாளி," என்றாள் அவள். "நனைஞ்சு வந்திருக்கீங்க. முனி எங்கயும் போயிற மாட்டாரு."

வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் வந்தன. கூடவே தட்டில் சுடச்சுட ரொட்டி, கட்டச் சம்பல். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தவர், பசியில் இரண்டை உள்ளே தள்ளினார். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கங்காணி கதையைத் தொடங்கினார்.

"பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும் மொதலாளி. இதே மாதிரி மழ. கீழ் லயம் முழுசா மண்ணுக்குள்ள போச்சு. கடைசிப் பீலி வரைக்கும் மண்ணு வந்து நின்னுச்சு. மிஞ்சுன ஆளுங்க கையில கெடைச்ச புள்ளயத் தூக்கிக்கிட்டு இந்த மேட்டுக்கு ஓடியாந்தோம். ராவெல்லாம் மழயில நின்னோம். விடிஞ்சு பாத்தா, கீழ பீலிக்கிட்ட நின்ன முனி, இந்தப் பலா மரத்தடியில நிக்கிறாரு."

"யாராவது தூக்கிட்டு வந்திருப்பாங்க," என்றார் றினாஸ்.

"அந்த மழயிலயா? உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுற நேரத்துல யாரு தூக்குறது? அவரா ஏறி வந்தாரு. அதப் பாத்துத்தான் இங்கயே வீடு கட்டுனோம். வேற எங்கயாச்சும் போங்கன்னு எத்தனையோ பேரு சொன்னாங்க, ஒருத்தரும் அசையல. முனி வந்து நின்ன மண்ணு சரியாதுங்க. இன்னைக்கும் மழ பேஞ்சா இந்தச் சனம் கண்ண மூடித் தூங்குதுன்னா, அது அவரு நிக்கிறதாலதான்."

பெண்கள் தலையாட்டினார்கள். வைரவநாதன் ஜெயலெட்சுமியைப் பார்த்தார். அவள் மட்டும் தலையாட்டவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

றினாஸ் தொண்டையைச் செருமினார். "கல்லுல எழுத்து இருக்கணும் ஐயா. அதப் பாத்தாத்தான் நீங்க சொல்லலாம், நானும் எழுதலாம். சந்தனத்தக் கொஞ்சம் கழுவி..."

கூட்டம் சலசலத்தது. கங்காணி குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். வீட்டையும் எடுத்துக்கொண்டு சாமியையும் உரிக்கப் பார்க்கிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். குரல்கள் ஏறத் தொடங்கின.

"கழுவலாம்," என்றாள் ஜெயலெட்சுமி வாசலிலிருந்தே. எல்லோரும் திரும்பினார்கள். "இன்னைக்கு வெள்ளிக்கெழம, எப்பிடியும் அபிசேகம் இருக்கு. தெர போட்டுத்தான் கழுவுறது. உள்ள நான் மட்டுந்தான் போவேன், அது வழக்கம். மொதலாளி மட்டும் எங்கூட வரட்டும். அவங்க வீட்டுக் கல்லுன்னு சொல்றாங்க, அவங்களே பாத்துக்கட்டும். அளக்குற தம்பி வெளிய நிக்கட்டும்."

கங்காணி குடைக்கம்பைப் பின்னுக்கு எடுத்தார். ஒரு பழைய சிவப்புச் சேலையைக் கொட்டகை வாசலில் கட்டினார்கள். பீலியிலிருந்து கொண்டுவந்த குடம் உள்ளே போனது. "மதுஷா, நிறுத்தாம அடி," என்று மகளிடம் மணியைக் கொடுத்துவிட்டு ஜெயலெட்சுமி உள்ளே நுழைந்தாள். வைரவநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து பின்னால் போனார்.

உள்ளே இரண்டு பேர் நிற்கத்தான் இடம். அவள் மாலையைக் கழற்றினாள், துணியை அவிழ்த்தாள், வெள்ளிக் கண்களை எடுத்து ஒரு வெற்றிலையில் வைத்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்தாள். சந்தனம் கரைந்து வழிந்தது. அடியிலிருந்து கறுப்புக் கல் தெரிந்தது. பிறகு 'சி' தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் 'வே'.

வைரவநாதன் எழுத்துக்கு நேராகக் குனிந்தார். அப்படியே குந்திவிட்டார்.

"தெரியுதுங்களா?" என்றாள் அவள். வெளியே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எதற்காக நிறுத்தாமல் அடிக்கச் சொன்னாள் என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"அவரு போனதுக்குப் பொறகு மொத வெள்ளிக்கெழம கழுவுனேன் பாருங்க, அன்னைக்கே பாத்தேன். நான் ஒம்பது வரைக்கும் படிச்சவதாங்க. பதுளையில ஓங்க கடையில கொடம் வாங்கியிருக்கேன், போர்டுல இதே எழுத்துதானே."

"கல்லு எப்பிடி மேல வந்துச்சு?"

அவள் இன்னொரு செம்பு ஊற்றினாள். "எங்க வீட்டுக்காரரும் எங்க கொழுந்தனாரும் தூக்கிட்டு வந்தாங்க. சாக்குல கட்டி, கம்புல கோத்து. மண்ணு பொளந்துகிட்டு வருது, அவனவன் புள்ளயத் தூக்கிட்டு ஓடுறான், இந்த மனுசன் முனியத் தூக்கப் போறாரு. நான் வஞ்சேன், ஒனக்குப் புள்ள பெருசா முனி பெருசான்னு. மதுஷாவ நாந்தான் இடுப்புல வச்சிக்கிட்டு ஏறுனேன். கொழுந்தனாரு இப்ப கொழும்புல, ஊருக்கே வாறதில்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தாங்க வந்தாரு. விடிஞ்சு பாத்தா சனமெல்லாம் இவரு காலடியில வுழுந்து கெடக்கு. அம்மா, அப்பன், புள்ளன்னு பறிகுடுத்துட்டு வந்த சனம். முனி ஏறி வந்துட்டாரு, இனி நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அழுவுது. எந்த வாயால சொல்றது? அப்பிடியே விட்டுட்டாரு. சாவுற வரைக்கும் வெளிய சொல்லல. நானும் சொல்லல."

வைரவநாதன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவின் குரல்கூடக் கேட்டதுபோல இருந்தது. கல்லைத் தாண்டி வந்தால் காலை ஒடிப்பேன் என்று அதட்டுகிற குரல். அந்தக் கல்லுக்கு எந்தக் காலத்தில் எந்தப் பெண் முதலில் சூடம் கொளுத்தினாளோ தெரியாது. தினமும் அதனருகே நின்று தண்ணீருக்குக் காத்துக்கிடந்தவள் ஒருத்திதான் ஆரம்பித்திருக்க வேண்டும். தாத்தா அறிந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

"இது எங்க தாத்தா நட்ட எல்லைக் கல்லும்மா," என்றார்.

"ஆமாங்க. கல்லு அவருதுதான். அதுக்காக முனி இல்லன்னு ஆயிருமா? பீலிக்கிட்ட எல்ல எங்க இருந்துச்சுன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"கடைசிப் பீலிக்குப் பக்கத்துல. நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்ப அதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"கல்லு மேல எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்களே. தூக்கிட்டு வந்தது தெரிஞ்சா..."

"தெரிஞ்சா வீடு மிஞ்சும், சனத்துக்குத் தூக்கம் மிஞ்சாது. ராவு ராவா மழயப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ரெண்டும் மிஞ்சணுங்க." அவள் குரல் முதல் தடவையாக இறங்கியது. "நான் தெனமும் யோசிக்கிறேன், எனக்கு வழி தெரியல. முனி ஏறி வந்தாருதான். எல்ல எங்க ஏறி வந்துச்சு?"

மணிச் சத்தம் ஒரு கணம் தளர்ந்து, மீண்டும் வேகம் பிடித்தது. வைரவநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சொல்ல வேண்டாம் என்று நினைத்ததை அவர் வாய் சொல்லிவிட்டது.

"நான் அப்பிடிச் சொன்னா வளைவுல தாத்தா பேரு வராதும்மா. எங்க அப்பா கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டாரு. அதுக்காகத்தான் நானே வந்தேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. குடியிருக்கும் வீடு போகுமா நிற்குமா என்று நிற்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"பாவம், ஓங்க அப்பாரு," என்றாள். "இங்க வந்து பாத்திருந்தா மனசு ஆறியிருக்கும். இந்தாங்க, பேரு இங்கதானே இருக்கு. நாந்தான் வாரா வாரம் பால் ஊத்திக் கழுவுறேன்."

சொன்னபடியே ஒரு சின்னச் செம்பிலிருந்து பாலை ஊற்றினாள். அது 'சி'யின் வளைவில் தேங்கி, 'வே'யின் கொம்பில் வழிந்து இறங்கியது. கறை பிடித்த விரல்களால் அவள் எழுத்தின் பள்ளங்களைத் துடைத்தாள். பிள்ளையின் காதுமடலைக் கழுவுவதுபோல, அழுக்குப் போகிறதா என்று பார்த்துப் பார்த்துத் துடைத்தாள். வைரவநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை.

"இத நீங்க யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க," என்றாள். "ஓங்க வீட்டம்மாகிட்டயும்."

"சொல்லமாட்டேன்."

அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

"இங்க குடும்மா," என்று அவர் கையை நீட்டினார். பெருவிரலில் சந்தனத்தை அள்ளி, 'சி'யின் மேல் அப்பினார். பிறகு 'வே'. மெல்லியதாக இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அள்ளி அப்பி, ஓர் எழுத்தும் தெரியாதபடி நிரவிவிட்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

திரை விலகியதும் மணி நின்றது. முனி பழையபடி துணியும் மாலையும் வெள்ளிக் கண்ணுமாக நின்றார். எல்லோரும் வைரவநாதனின் முகத்தையே பார்த்தார்கள்.

"எங்க தாத்தா நட்ட கல்லுதான்," என்றார் அவர். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா எல்ல இங்க இல்ல. கீழ, கடைசிப் பீலிக்குப் பக்கத்துல."

றினாஸ் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப கல்லு எப்பிடி ஐயா மேல வந்துச்சு?"

"அதான் கங்காணி சொன்னாரே. முனி ஏறி வந்தாரு. எல்ல ஏறி வரல."

கங்காணி பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அதன் பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். ஜெயலெட்சுமி மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

"இத நான் எப்பிடி ஐயா எழுதுறது?" என்றார் றினாஸ், பாதிச் சிரிப்போடு.

"வாங்க, காட்டுறேன்."

கீழே இறங்கினார்கள். பீலிக்குப் பக்கத்து மூலையில் வைரவநாதன் தன் கையாலேயே பன்னையை விலக்கினார். வெள்ளைச் சட்டை சேறானது. றினாஸ் ஆள்விட்டு அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்தச் சொன்னார். மண்ணுக்கடியில் டங்கென்று சுண்ணாம்புக் காரை இடித்தது. சுரண்டிப் பார்த்தால், கல் உட்கார்ந்திருந்த சதுரப் பள்ளம் அச்சு மாறாமல் இருந்தது. றினாஸ் அதிலிருந்து அளந்தார். குளிப்புத் தோட்டம் ஏழு பீலியையும் அணைத்துக்கொண்டு, மேட்டைத் தொடாமல் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிப்போனது.

"இப்பத்தான் மனசு ஒட்டுது," என்றார் றினாஸ். "இது போதும் ஐயா. சாமி விசயத்த நான் எழுத மாட்டேன்."

வேனில் திரும்பும்போதே தவிசாளர் போன் எடுத்தார். குரலில் பழைய மரியாதை இருந்தது, சூடு இல்லை. வளைவைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார். இத்தனை வருடம் வியாபாரம் பண்ணியவருக்கு அந்தப் 'பிறகு'க்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைக்கு வந்து சேர்ந்தபோது பஜாரில் விளக்குப் போட்டிருந்தார்கள். ராமலட்சுமி கல்லாவில் இருந்தாள். சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேலி சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"என்னங்க ஆச்சு? போடுவாங்களா?"

"இல்ல. போட மாட்டாங்க."

அவள் எழுந்து, உட்காருங்கள் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டாள். கேலி பண்ணினாலும் அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது. அது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"பாவம் மாமா," என்றாள். "அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் நடக்கல."

வைரவநாதனுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பா கேட்டது நடந்துகொண்டுதான் இருக்கிறது, வாராவாரம் பாலில் குளித்துக்கொண்டு, சுருட்டுப் பிடித்துக்கொண்டு, ஒரு மேட்டுச் சனத்தையே தூங்கவைத்துக்கொண்டு இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. மலைக் கதையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதருக்கு, அந்தக் கதையின் ஆக நல்ல இடம் கிடைத்திருக்கிறது. அதை இனிச் சொல்ல முடியாது.

"தாத்தா அங்க நல்லாத்தாண்டி இருக்காரு," என்றார்.

ராமலட்சுமி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மழையில் நனைந்தது சேரவில்லை என்று நினைத்து, கொத்தமல்லித் தண்ணி வைக்க உள்ளே போனாள்.